ஒரு கமா... 50 லட்சம் டாலர்! வணிகக் கடிதம், ஒப்பந்தம், வாட்ஸ்அப்பில் நிறுத்தக்குறிகளை எங்கே, எப்படிப் போட வேண்டும்?

"விலை ரூ.85,000 ஜிஎஸ்டி உட்பட போக்குவரத்து செலவு தனி"

கோவை பக்கம் ஒரு சிறு பட்டறை, இயந்திரம் கேட்ட வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு கொட்டேஷன் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் என்ன நினைப்பார்? "85,000 ரூபாயிலேயே ஜிஎஸ்டி அடக்கம். லாரி வாடகை மட்டும்தான் தனி." விற்பவர் என்ன சொல்வார்? "ஜிஎஸ்டி உட்பட, போக்குவரத்து செலவு எல்லாமே தனின்னுதானே போட்டிருக்கேன்!"

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. எழுதிய வரி இரண்டு பக்கமும் சாய்கிறது. வரி 18 சதவீதம் என்றால், இந்தச் சண்டையின் மதிப்பு 15,300 ரூபாய். "விலை ரூ.85,000, ஜிஎஸ்டி உட்பட. போக்குவரத்து செலவு தனி." என்று ஒரு கமாவும் ஒரு முற்றுப்புள்ளியும் போட்டிருந்தால் பேச்சே எழுந்திருக்காது.

பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த நிறுத்தக்குறிகள், வியாபாரத்தில் நேரடியாகப் பணத்தைத் தொடும் விஷயம். கமாவால் கோடிகள் கைமாறிய வழக்குகள் உண்டு. அந்த வழக்குகள் என்ன, அவற்றிலிருந்து கற்க வேண்டியது என்ன, தினசரி கடிதத்திலும் வாட்ஸ்அப்பிலும் எந்தக் குறியை எங்கே போட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

லாரி ஓட்டுநர்களுக்கு 50 லட்சம் டாலர் வாங்கிக்கொடுத்த கமா

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள பால் நிறுவனம் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி. அங்கு பால் பொருட்களைக் கொண்டுசெல்லும் ஓட்டுநர்கள், ஓவர்டைம் சம்பளம் கேட்டு 2014-ல் வழக்குத் தொடர்ந்தார்கள். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஆனால் அழுகும் உணவுப் பொருட்கள் தொடர்பான சில வேலைகளுக்கு விலக்கு இருந்தது. பதப்படுத்துதல், உறைய வைத்தல், உலர்த்துதல், சேமித்தல் என்று அந்தப் பட்டியல் நீளும். பட்டியலின் கடைசியில்தான் சிக்கல்: "அனுப்புவதற்காகப் பேக்கிங் செய்தல்" என்ற பொருளில் வரும் சொற்களை அடுத்து, கமா இல்லாமல் "அல்லது விநியோகம்" என்று முடிந்தது.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம்:

• பேக்கிங் ஒரு வேலை, விநியோகம் இன்னொரு வேலை. அப்படியென்றால் விநியோகம் செய்யும் ஓட்டுநர்களுக்கு ஓவர்டைம் கிடையாது.

• அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ செய்யும் பேக்கிங், மொத்தமாக ஒரே வேலை. அப்படியென்றால் பேக்கிங் செய்யாத ஓட்டுநர்களுக்கு விலக்கு பொருந்தாது, ஓவர்டைம் உண்டு.

"அல்லது" என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கமா இருந்திருந்தால் முதல் பொருள் உறுதியாகியிருக்கும். கமா இல்லாததால் சட்டம் தெளிவாக இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 மார்ச்சில் சொன்னது. தெளிவில்லாத இடத்தில் தொழிலாளர் பக்கமே சட்டத்தைப் படிக்க வேண்டும் என்ற அடிப்படையில் ஓட்டுநர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2018-ல் 50 லட்சம் டாலருக்கு சமரசம் ஏற்பட்டது. 127 ஓட்டுநர்கள் அதற்குத் தகுதி பெற்றார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மாநிலத்தில் சட்டம் எழுதுபவர்களுக்கான கையேடே, பட்டியலின் கடைசி "அல்லது"-க்கு முன் கமா வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தது. அதாவது, கையேட்டை ஒட்டி எழுதப்பட்ட வரிதான் கோர்ட்டுக்குப் போனது. பிறகு சட்டமன்றம் அந்தப் பட்டியலைத் திருத்தியது. ஒவ்வொரு வேலைக்கும் நடுவே கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி போட்டது.

கனடாவில் கம்பத்துக்கு வந்த சோதனை

2006-ல் கனடாவில் நடந்தது இதற்கு நேர் எதிரான கதை. அங்கே கமா இல்லாததல்ல, இருந்ததுதான் பிரச்சினை.

கேபிள் நிறுவனமான ரோஜர்ஸ் கம்யூனிகேஷன்ஸ், தன் கம்பிகளைக் கொண்டுசெல்ல அலியான்ட் நிறுவனத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கம்பங்களைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டிருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு நீடிக்கும், அதன் பிறகும் ஐந்தைந்து ஆண்டுகளாகத் தொடரும், ஓராண்டு முன்னறிவிப்பு கொடுத்து ரத்து செய்தால் ஒழிய என்பது ஒப்பந்தத்தின் சாரம். ரோஜர்ஸ் நிறுவனம், முதல் ஐந்து ஆண்டுகள் உறுதி என்று நம்பியிருந்தது. ஆனால் ரத்து செய்யும் பகுதிக்கு முன்னால் ஒரு கமா இருந்தது. அந்தக் கமாவால் ரத்து உரிமை, பின்னால் வரும் காலத்துக்கு மட்டுமல்லாமல் முதல் ஐந்து ஆண்டுகளுக்கும் பொருந்தும் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் அதை ஏற்றது. ரோஜர்ஸுக்கு சுமார் 21 லட்சம் கனடிய டாலர் இழப்பு வரும் என்று கணக்கிடப்பட்டது.

கதை அங்கே முடியவில்லை. கனடாவில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுமே ஆட்சிமொழி. அந்த மாதிரி ஒப்பந்தத்துக்கு பிரெஞ்சு வடிவமும் இருந்தது. அதில் பொருள் தெளிவாக இருந்ததால், 2007-ல் ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஆங்கிலக் கமா கவிழ்த்ததை பிரெஞ்சு வாக்கியம் நிமிர்த்தியது.

கடை வாடகைக்கு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய பாடம் இது. "ஒப்பந்தம் 3 ஆண்டுகளுக்கும் அதன்பின் ஆண்டுதோறும், ஒரு மாத முன்னறிவிப்பில் ரத்து செய்யாத வரை, நீடிக்கும்" என்று எழுதினால், முதல் மூன்று ஆண்டுகளுக்குள் காலி செய்யச் சொல்ல முடியுமா, முடியாதா? இந்த வரியை நம்பி லட்சங்களில் உள் அலங்காரம் செய்வது ஆபத்து.

பழச்செடி பழமான கதை

இன்னும் பின்னோக்கிப் போனால் 1872. அமெரிக்க இறக்குமதி வரிச் சட்டத்தில், வரியில்லாப் பொருட்களின் பட்டியலில் பழச்செடிகள் இருந்தன. 'பழம்', 'செடி' இரண்டையும் ஒரே சொல்லாக இணைக்க நடுவில் சிறு கோடு இருக்க வேண்டும். கோட்டுக்குப் பதில் கமா விழுந்துவிட்டது. "பழச்செடிகள்" என்பது "பழங்கள், செடிகள்" ஆகிவிட்டது. பழ இறக்குமதியாளர்கள் விடுவார்களா? பழத்துக்கும் வரி கிடையாது என்று வாதாடி வென்றார்கள். அரசுக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 20 லட்சம் டாலர் என்று சொல்லப்பட்டது.

இந்திய நீதிமன்றங்கள் என்ன சொல்கின்றன?

இந்திய உச்ச நீதிமன்றத்திலும் ஒரு கமா பேசப்பட்டிருக்கிறது. மகாராஷ்டிராவில் ஒருவரிடம் மாத்திரைகள் இருந்தது தொடர்பான வழக்கு 1970-களின் இறுதியில் அங்கு வந்தது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 27-வது பிரிவு, உரிமம் இல்லாமல் மருந்தை விற்பதையும், "இருப்பு வைப்பது அல்லது விற்பனைக்காகக் காட்சிப்படுத்துவது" போன்றவற்றையும் குற்றமாக்குகிறது. வெறுமனே கையில் வைத்திருந்தாலே குற்றமா, விற்பனைக்காக வைத்திருந்தால்தான் குற்றமா என்பது கேள்வி. ஆங்கில மூலத்தில் "இருப்பு வைப்பது" என்ற சொல்லுக்குப் பிறகு கமா இல்லை. ஆகவே "விற்பனைக்காக" என்ற நிபந்தனை அதற்கும் சேர்த்துத்தான் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

அதே நேரம், நிறுத்தக்குறி ஒரு சிறு துணைதான், தெளிவான சொற்களின் பொருளை அது ஆள முடியாது என்றும் இந்திய நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதாவது, குறி சில சமயம் காப்பாற்றும், சில சமயம் காப்பாற்றாது. எனவே வியாபாரத்தில் எழுதுபவர்களுக்கு முதல் விதி இதுதான்: குறியைச் சரியாகப் போடுங்கள். ஆனால் ஒரே ஒரு குறியை நம்பிப் பணம் நிற்கிறது என்றால், அந்த வாக்கியத்தையே மாற்றி எழுதுங்கள்.

தமிழில் நிறுத்தக்குறிகள் எப்போது வந்தன?

ஓலைச்சுவடிகளில் இன்றைய கமா, ஃபுல் ஸ்டாப் எதுவும் கிடையாது. ஓலை கிழிந்துவிடும் என்பதால் மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் எழுதினார்கள். ஐரோப்பியர் வருகை, அச்சு ஆகியவற்றோடு இந்தக் குறிகள் தமிழுக்கு வந்தன. யாழ்ப்பாணம் நல்லூரைச் சேர்ந்த ஆறுமுக நாவலர் (1822–1879), தமிழ் உரைநடையில் அவற்றை முறையாகப் பயன்படுத்திய முன்னோடியாக அறியப்படுகிறார்.

தமிழில் கேள்விக்கு 'ஆ' இருக்கிறது, அடுக்கிச் சொல்ல 'உம்' இருக்கிறது, முடிந்தது என்று காட்ட வினைமுற்று கடைசியில் வந்து நிற்கிறது. அதனால் குறி இல்லாமலேயே பாதி வேலை நடந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் பலர் குறியே போடுவதில்லை. மீதிப் பாதியில்தான் பணம் போகிறது.

எந்தக் குறி, எங்கே?

காற்புள்ளி ( , ): அதிகம் தப்பாவது இதுதான். கீழே உள்ள வரியைப் பாருங்கள்.

"திங்கட்கிழமை பணம் வந்தால் சரக்கு அனுப்பப்படும்."

திங்கட்கிழமை என்பது பணம் வரும் நாளா, சரக்கு கிளம்பும் நாளா? "திங்கட்கிழமை பணம் வந்தால், சரக்கு அனுப்பப்படும்" என்றால் பணத்துக்கான நாள். "திங்கட்கிழமை, பணம் வந்தால் சரக்கு அனுப்பப்படும்" என்றால் சரக்குக்கான நாள். கமா இடம் மாறியதும் கெடுவும் மாறிவிட்டது. இதைவிடப் பாதுகாப்பான வழி இரண்டு வாக்கியமாக எழுதுவது: "பணம் திங்கட்கிழமைக்குள் வர வேண்டும். பணம் வந்த மறுநாள் சரக்கு அனுப்பப்படும்."

ஆட்களைக் குறிப்பிடும்போதும் கவனம் தேவை. "மேலாளர் குமார், கணக்காளர், செல்வி ஆகியோர் கையெழுத்திட வேண்டும்" என்றால் மூன்று கையெழுத்து. "மேலாளர் குமார், கணக்காளர் செல்வி ஆகியோர்" என்றால் இரண்டே கையெழுத்து.

'உம்' வந்தால் கமா தேவையில்லை. "கமிஷனும் கூலியும் தனி" என்பதே போதும். சொல்லப்போனால், சண்டை வரக்கூடிய இடங்களில் கமாவைவிட 'உம்' பலமானது. "கமிஷன், கூலி தனி" என்பதில் வரும் சந்தேகம், "கமிஷனும் கூலியும் தனி" என்பதில் வராது.

கமாவால் தீராத இடமும் உண்டு. "பழைய மோட்டார், பம்ப், கேபிள் விற்பனைக்கு" என்ற விளம்பரத்தில் மூன்றுமே பழையதா, மோட்டார் மட்டுமா? எத்தனை கமா போட்டாலும் தெரியாது. "பழைய மோட்டார், புதிய பம்ப், புதிய கேபிள்" என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்வதுதான் வழி.

அரைப்புள்ளி ( ; ): கமாவுக்குள் கமா வரும் பட்டியலுக்கு இதுதான் மருந்து. "மதுரைக்கு 20 பெட்டி சோப்பு, 10 பெட்டி பவுடர்; திருச்சிக்கு 15 பெட்டி சோப்பு; சேலத்துக்கு 5 பெட்டி பவுடர்." எந்த ஊருக்கு எது என்பதில் குழப்பமே வராது. மொபைலில் இதைவிட எளிது, ஊருக்கு ஒரு வரி.

முக்காற்புள்ளி ( : ): "பொருள்:", "பார்வை:", "டெலிவரி முகவரி:" போன்ற தலைப்புகளுக்குப் பின்னால் வரும். அதன் பிறகு ஒரு கோடும் சேர்த்து இழுக்கும் பழக்கம் இன்னும் பலருக்கு இருக்கிறது; அது தேவையில்லை.

முற்றுப்புள்ளி ( . ): ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, பிறகு புள்ளி. வணிக எழுத்தில் முக்கால்வாசி குழப்பத்தை இந்தப் பழக்கம் ஒன்றே தீர்க்கும். ஆனால் வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, யுபிஐ முகவரி, இணையதள முகவரி ஆகியவற்றின் முடிவில் புள்ளியை ஒட்ட வேண்டாம். காப்பி செய்யும்போது அந்தப் புள்ளியும் சேர்ந்து போய்விடும். அவற்றைத் தனி வரியில் போடுவது நல்லது.

கேள்விக்குறி ( ? ): எழுத்துத் தமிழில் "பணம் வந்துவிட்டதா" என்று எழுதினால் குறி இல்லாவிட்டாலும் கேள்வி என்று புரியும். பேச்சுத் தமிழில் அப்படி இல்லை. "பேமென்ட் போட்டாச்சு" என்பது தகவலா, கேள்வியா? நேரில் பேசினால் குரல் சொல்லிவிடும். வாட்ஸ்அப்பில் குரல் இல்லை. "லோடு ஏத்தியாச்சு?" என்று கேட்க நினைத்து குறியை விட்டுவிட்டால், எதிர்முனையில் இருப்பவர் லோடு ஏறிவிட்டது என்றே நினைத்துக்கொள்வார். "ஏத்தியாச்சா?" என்று கேட்டால் இரட்டைப் பாதுகாப்பு.

உணர்ச்சிக்குறி ( ! ): வாழ்த்துச் செய்தி, விளம்பரம் ஆகியவற்றுக்குச் சரி. பாக்கி கேட்கும் கடிதத்தில் வேண்டாம். "உடனே பணம் அனுப்பவும்!!!" என்பதில் அவசரத்தைவிட கோபம்தான் தெரியும். "15-ம் தேதிக்குள் அனுப்பவும்" என்று நாள் குறிப்பதுதான் உண்மையான அழுத்தம்.

மேற்கோள் குறி ( " " ): ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்துச் சொல்லும்போது போட வேண்டும். அழுத்தம் கொடுப்பதற்காகப் போட்டால் பொருள் தலைகீழாகும். கடைப் பலகையில் 'ஒரிஜினல்' உதிரிபாகங்கள் கிடைக்கும் என்று குறிக்குள் எழுதினால், "அப்ப ஒரிஜினல் இல்லையோ?" என்ற சந்தேகம்தான் வரும்.

அடைப்புக்குறி ( ): தொகையை எழுத்தால் சொல்ல உதவும். "ரூ.1,25,000 (ரூபாய் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் மட்டும்)". முக்கியமான நிபந்தனையை மட்டும் அடைப்புக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. அடைப்புக்குள் இருப்பதைப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள்.

இணைப்புக்கோடு ( - ): "10-15 நாட்கள்" என்பது எல்லோருக்கும் புரியும். கடன் பாக்கிக் கணக்கில் "-500" என்றால் வர வேண்டியதா, தர வேண்டியதா? அங்கே "ரூ.500 நீங்கள் தர வேண்டியது" என்று எழுதிவிடுவதே மேல். இரண்டு எண்கள் அடுத்தடுத்து வந்தால் இன்னும் கவனம். "10 50 கிலோ மூட்டை" என்பது அவசரத்தில் 1,050 கிலோ ஆகிவிடும். "10 மூட்டை (ஒவ்வொன்றும் 50 கிலோ)" என்று எழுதலாம்.

சாய்கோடு ( / ): "மற்றும்/அல்லது" என்று ஒப்பந்தத்தில் எழுதுவது வசதியாகத் தெரியும். ஆனால் இரண்டில் ஒன்று போதுமா, இரண்டும் வேண்டுமா என்ற கேள்வியை அது பிறகு வரப்போகும் சண்டைக்கு ஒத்திவைக்கிறது. "இரண்டில் ஏதேனும் ஒன்று" அல்லது "இரண்டும்" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

எண்களுக்குள் ஒளிந்திருக்கும் கமாவும் புள்ளியும்

சொற்களில் கமா தவறினால் விளக்கம் கேட்கலாம். எண்ணில் தவறினால் நேராகக் கணக்கில் ஏறிவிடும்.

• லட்சமா, மில்லியனா? இந்தியாவில் 12,50,000 என்று எழுதுவதை வெளிநாட்டில் 1,250,000 என்று எழுதுவார்கள். தொகை ஒன்றுதான். ஆனால் ஒரே ஆவணத்தில் இரண்டு முறையையும் கலக்கக் கூடாது.

• ஜெர்மனிக்கு அனுப்புகிறீர்களா? அங்கே கமாவும் புள்ளியும் இடம் மாறும். 1.500 என்றால் ஆயிரத்து ஐநூறு. 3,50 யூரோ என்றால் மூன்றரை யூரோ. திருப்பூரிலிருந்து ஆடை ஏற்றுமதி செய்பவர்கள், வாங்குபவரின் ஆர்டர் தாளில் உள்ள எண்ணை அந்த நாட்டு வழக்கப்படிதான் படிக்க வேண்டும்.

• தேதி: 05/06/2026 என்பது இந்தியாவில் ஜூன் 5. அமெரிக்காவில் மே 6. மாதத்தை எழுத்தில் போட்டு "5 ஜூன் 2026" என்று எழுதினால் பிரச்சினை இல்லை.

• காசோலை: தொகைக்குப் பின்னால் "/-" போடுவதும், எழுத்தில் "மட்டும்" என்று முடிப்பதும் வெறும் பழக்கம் இல்லை. பின்னால் யாரும் எண்ணையோ சொல்லையோ சேர்த்துவிடாமல் தடுக்கும் பூட்டு அது. எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்கிறது 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-வது பிரிவு.

வாட்ஸ்அப்பில் ஃபுல் ஸ்டாப் வைத்தால் கோபமா?

"சரி" என்பதற்கும் "சரி." என்பதற்கும் வித்தியாசம் உண்டா? உண்டு என்கிறார்கள் அமெரிக்காவின் பிங்கம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வை அவர்கள் 2015-ல் வெளியிட்டார்கள். குறுஞ்செய்தியில் ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின்னால் புள்ளி இருந்தால், அந்தப் பதிலில் மனப்பூர்வம் குறைவு என்று மாணவர்கள் கருதியது தெரியவந்தது. கையால் எழுதிய குறிப்பில் அந்த வேறுபாடு தெரியவில்லை.

ஆகவே வழக்கமான வாடிக்கையாளருக்கு அனுப்பும் "சரிங்க சார்" என்பதற்குப் புள்ளி கட்டாயமில்லை. ஆனால் விலை, அளவு, தேதி, நிபந்தனை என்று எதைச் சொன்னாலும் புள்ளியும் கமாவும் கட்டாயம். குரல்வழித் தட்டச்சில் சொன்னால் குறிகள் பெரும்பாலும் விழாது. அனுப்பும் முன் ஒருமுறை படித்து, கையால் சேர்க்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம்: குறிக்கு முன்னால் இடைவெளி கிடையாது, பின்னால் ஒரு இடைவெளி உண்டு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அப்போது கமா அடுத்த வரியின் தொடக்கத்தில் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்ளும்.

ஒரே செய்தி, இரண்டு விதம்

ஒரு மளிகை மொத்த வியாபாரிக்குப் போகும் செய்தி என்று வைத்துக்கொள்வோம்.

இப்படி வேண்டாம்: "ஐயா வணக்கம் நேற்று வந்த 10 50 கிலோ மூட்டையில் 2 கிழிந்திருந்தது மாற்றித் தரவும் இல்லை பணம் கழிக்கவும் பில் அனுப்பியாச்சு"

இதில் "மாற்றித் தரவும்" என்பது வேண்டுகோளா, "மாற்றித் தரவும் இல்லை" என்ற குற்றச்சாட்டா? பில் அனுப்பியது யார்? அல்லது அனுப்பினீர்களா என்று கேட்கிறாரா? படிப்பவர் என்ன மனநிலையில் இருக்கிறாரோ, அப்படித்தான் புரிந்துகொள்வார். குற்றச்சாட்டாகப் படித்துவிட்டால், பல வருட வாடிக்கைக்கே வேட்டு.

இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம்.
நேற்று 10 மூட்டை (ஒவ்வொன்றும் 50 கிலோ) வந்தது. அதில் 2 மூட்டை கிழிந்திருந்தது.
அந்த இரண்டையும் மாற்றித் தரவும். முடியாவிட்டால், அதற்கான பணத்தைக் கழிக்கவும்.
பில் அனுப்பிவிட்டீர்களா?"

சொற்கள் கிட்டத்தட்ட அதேதான். "இல்லை" என்பது "முடியாவிட்டால்" ஆனது, "அனுப்பியாச்சு" என்பது "அனுப்பிவிட்டீர்களா" ஆனது. மற்றதெல்லாம் குறிகளும் வரி பிரித்ததும்தான்.

கடிதத்தில் குறிகளின் இடம்

அலுவலகக் கடிதத்தில் "அனுப்புநர்", "பெறுநர்" ஆகியவை தலைப்புகள், புள்ளி தேவையில்லை. முகவரியில் ஒவ்வொரு வரி முடிவிலும் கமா, கடைசி வரியில் முற்றுப்புள்ளி. "ஐயா," என்று விளித்தபின் கமா. "பொருள்:" என்பதற்குப் பின் முக்காற்புள்ளி. முடிவில் "இப்படிக்கு," என்பதற்குப் பின் கமா. பெயருக்குப் பின் எதுவும் வேண்டாம்.

ஆங்கிலத்தில் மெயில் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மேலே தொங்கும் சிறு குறியின் இடம் மாறினால் ஆள் எண்ணிக்கை மாறும். 'கஸ்டமர்'ஸ்' என்றால் ஒரு வாடிக்கையாளருடையது, 'கஸ்டமர்ஸ்'' என்றால் பல வாடிக்கையாளர்களுடையது. வெறும் பன்மைக்கு அந்தக் குறியே வேண்டாம்.

அனுப்பும் முன் 5 நொடி சோதனை

1. வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் குறி இருக்கிறதா?

2. தொகை, தேதி, அளவு ஒவ்வொன்றும் எந்தப் பொருளுக்கு என்று தெளிவாக இருக்கிறதா?

3. "தனி", "உட்பட", "மட்டும்", "இல்லை" ஆகிய நான்கு சொற்களைத் தேடுங்கள். சண்டை பெரும்பாலும் இவற்றின் பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும்.

4. உங்களுக்குப் பிடிக்காத ஒருவர் இதைப் படித்தால் எப்படித் திரிப்பார் என்று யோசியுங்கள்.

5. ஒரு கமாவை எடுத்தால் பொருள் மாறுகிறதா? அப்படியென்றால் அந்த வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மெய்ன் மாநிலத்தில் கையேட்டைப் பார்த்துத்தான் எழுதினார்கள். கனடாவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது பெரிய நிறுவனம். அவர்களுக்கே ஒரு குறி போதவில்லை. முதலில் பார்த்த அந்தக் கொட்டேஷனையும் இப்படி உடைத்து எழுதிவிட்டால், யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை:

"இயந்திரத்தின் விலை: ரூ.85,000.
இதில் ஜிஎஸ்டி அடக்கம்.
போக்குவரத்து செலவு தனி. அதை வாங்குபவர் தர வேண்டும்."